மே முதல் செப்டெம்பர் வரை: மலையகத்தின் பிராந்திய வானொலிச் செய்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை, இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் மழை, சம்பளம், தேர்தல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அந்த மாதங்களில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து பிராந்திய வானொலிச் செய்திக்குத் தகவல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தோட்டங்களுக்குப் போகும்போதும் பாடசாலைகளில் பேசக் கூப்பிடும்போதும் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். செய்தி கேட்கிறவர்களுக்கும், தங்கள் தோட்டத்து விடயம் வானொலியில் வரவேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கும் பயன்பட்டால் நல்லது.

பிராந்திய வானொலி என்றால் எது? எப்போது வந்தது?

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16 அன்று. 1967 ஜனவரி 5 முதல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனமாக இயங்குகிறது. கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் பேசினால் போதாது என்று உணர்ந்த பிறகு ருஹுணு, ரஜரட்ட, கந்துரட்ட என்று பிராந்திய சேவைகள் உண்டாயின. மலைநாட்டுக்கு உரியது கண்டியிலிருந்து வரும் கந்துரட்ட சேவை. 1989இல் கொத்மலை சமூக வானொலியும் வந்தது. மகாவலித் திட்டத்தில் கொத்மலை அணைக்காக இடம்பெயர்ந்த கிராமங்களின் அருகே உருவான நிலையம் அது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணைய வசதி வந்தபோது, நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, வானொலியிலேயே பதில் சொன்னார்கள். கேட்கிறவனுக்கு என்ன தேவை என்பதிலிருந்து நிகழ்ச்சி செய்யும் வழக்கம் மலையகத்தில் அப்போதே இருந்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏன் இந்த மாதங்களைத் தனியாகப் பேசுகிறீர்கள்?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழைக்காலம். மலையகத்தின் மேற்குச் சரிவு, அதாவது கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கம், அந்த மழையை நேராக வாங்குகிறது. அதே நேரம் பதுளை, ஊவாப் பக்கம் பெரும்பாலும் காற்றும் வறட்சியுமாக இருக்கும். ஒரே மலைநாட்டில் ஒரு பக்கம் வீதி மூடியிருக்கும், இன்னொரு பக்கம் குடிதண்ணீர் தட்டுப்பாடு. இரண்டையும் ஒரே செய்தி அறிக்கைக்குள் சொல்ல வேண்டியிருப்பதுதான் இந்தக் காலத்தின் கஷ்டம்.

கொழும்புச் செய்தியிலேயே மலையகச் செய்தி வருகிறதே, பிறகு எதற்குத் தனியாக?

"மத்திய மலைநாட்டில் மண்சரிவு அபாயம்" என்று தேசியச் செய்தி சொல்லும். அது சரியான செய்திதான். ஆனால் வட்டவளையில் லயனில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற தாய்க்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாமா, தியகலையில் விழுந்த மண்ணை எடுத்துவிட்டார்களா, ஹட்டனுக்கு பஸ் ஓடுகிறதா, கண்டிக்கு கிளினிக் போகிற மாமியார் இன்றைக்குப் புறப்படலாமா என்பதுதான் அவருக்குத் தேவை. தேசியச் செய்தி நடந்ததைச் சொன்னால் போதும். பிராந்தியச் செய்தி, கேட்கிறவர் அடுத்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்க உதவவேண்டும். அப்படி உதவாத பிராந்தியச் செய்தி, கொழும்புச் செய்தியை இன்னொரு குரலில் திரும்ப வாசிப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

செய்தி உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் தொலைபேசியில்தான். மழைக்காலத்தில் விடியற்காலையிலேயே அழைக்கத் தொடங்கவேண்டும். ரயில் நிலைமைக்கு நாவலப்பிட்டி கட்டுப்பாட்டு அறை. வீதிக்குப் பொலிஸும் பஸ் நிலைய நேரக்கணிப்பாளரும். மழை, மண்சரிவுக்கு மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு. ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னதாகத் தகவல் சொல்பவர்கள் தோட்டத்து ஆட்கள்: பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் வழியில் வீதி வெடித்திருப்பதைக் கண்ட கங்காணி, இரவில் காயக்காரரை ஏற்றிப்போன லொறிச் சாரதி, தோட்ட வைத்திய உதவியாளர். அவர்கள் சொல்வதை அப்படியே போட முடியாது. அதிகாரி ஒருவரிடம் உறுதிப்படுத்தவேண்டும். அதேபோல, அதிகாரி இன்னும் அறியவில்லை என்பதற்காக ஆட்கள் கண்ணால் கண்டதை ஒதுக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் பேசிவிட்டுத்தான் செய்தி மேசைக்கு அழைப்பேன்.

மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கேட்டால் எப்படிப் புரிந்துகொள்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மூன்று கட்டங்கள் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், சுற்றுப்புறத்தைக் கவனியுங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேறுங்கள். இவற்றுக்குப் பின்னால் மழையின் கணக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம். தோட்ட அலுவலகங்களில் மழைமானி உண்டு, தினமும் பதிவும் வைக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தொழிலாளர்களுக்கும் தெரியும்படி பெரட்டுக் களத்தில் ஒரு பலகையில் எழுதிப்போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு என்ற அரச நிர்வாகப் பிரிவின் பெயரால் வருகிறது. மக்கள் தங்கள் இடத்தைத் தோட்டத்தின் பெயராலும் தோட்டத்துக்குள் இருக்கும் பிரிவின் பெயராலும்தான் அறிவார்கள். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. இப்போது பத்து. முன்பு அம்பகமுவையில் இருந்த தோட்டங்கள் பல இன்றைக்கு நோர்வூட் பிரிவுக்குள் வந்துவிட்டன. செய்தியில் "அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுக்கு செம்மஞ்சள் எச்சரிக்கை" என்று வாசித்தால், நோர்வூட்டில் இருப்பவர் தமக்கும் சேர்த்துத்தானா என்று குழம்புவார். ஒரு நாள் இரவு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, ஒரு இளைஞன் அழைத்தான். "அண்ணே, ரேடியோவில சொன்னாங்க, நம்ம தோட்டம் மஞ்சளா சிவப்பா?" கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் அவன் குரலே சரியாகக் கேட்கவில்லை. அவனுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது, ஆனால் அது தனக்கானதா என்பது போய்ச் சேரவில்லை. அதன் பிறகு நான் அனுப்பும் ஒவ்வொரு எச்சரிக்கைச் செய்தியிலும் பிரதேச செயலகப் பிரிவின் பெயருக்குப் பின்னால் அதற்குள் வரும் நகரங்களையும் பெரிய தோட்டங்களையும் எழுதிக் கொடுத்தேன். வாசிக்க அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

எச்சரிக்கை வராவிட்டாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிதாக விரிசல், மரமும் மின்கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், இருந்த ஊற்று சட்டென்று நின்றுபோதல் அல்லது சேறாக வருதல், கதவும் ஜன்னலும் காரணமில்லாமல் இறுகுதல். இப்படி ஏதாவது கண்டால் வானொலி சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

எச்சரிக்கை விட்டும் மக்கள் ஏன் போவதில்லை?

எங்கே போவது என்று தெரியாததால். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் வீடும் கிடைக்கவில்லை. "வெளியேறுங்கள்" என்று மட்டும் செய்தி சொன்னால் அது பாதிச் செய்தி. எந்தப் பாடசாலை, எந்தக் கோயில் மண்டபம் திறந்திருக்கிறது, திறப்பு யாரிடம், சமைத்த சாப்பாடு உண்டா, வீட்டில் விட்டுவந்த ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்பதுவரை சொன்னால்தான் ஆட்கள் கிளம்புவார்கள். இந்த விபரங்களைக் கிராம சேவகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டு வாங்குவது செய்தியாளரின் வேலை.

அணையின் வான்கதவு திறந்த செய்தி வந்தால் பயப்பட வேண்டுமா?

ஆற்றோரம் இருந்தால் கவனமாக இருக்கவேண்டும். லக்ஷபான, கனியன், நோர்ட்டனில் உள்ள விமலசுரேந்திர ஆகிய நீர்த்தேக்கங்கள் கொள்ளளவு சிறியவை. சில மணித்தியாலக் கனமழைக்கே நிரம்பி வான்பாயும். காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் பெரியவை, அவை நிரம்ப நாள் பிடிக்கும். தலவாக்கலையில் மேல்கொத்மலை அணையின் கதவு திறந்தால் கொத்மலை ஓயாவில் கீழே இருப்பவர்கள் குளிக்கவோ உடுப்புத் துவைக்கவோ ஆற்றில் இறங்கக்கூடாது. எந்தக் கதவு திறக்கிறது என்பதைவிட எந்த ஆற்றில் தண்ணீர் கூடும் என்று சொல்வதுதான் கேட்பவருக்கு உதவும். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா, அவை சேர்ந்து பிறக்கும் களனி கங்கை என்று பெயர் சொல்லி வாசிக்கவேண்டும்.

2024 ஜூன் மழையில் எப்படி இருந்தது?

ஜூன் முதல் நாட்களில் பெரிய அழிவு இரத்தினபுரி, காலி, மாத்தறை, கொழும்புப் பக்கம். ஜூன் 3ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. தேசியச் செய்தி முழுதும் தாழ்நில வெள்ளத்திலேயே நின்றது, அது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் மலையகத்தின் மேற்குச் சரிவுக்குச் சொந்தமாக ஒரு செய்தி அறிக்கை எவ்வளவு அவசியம் என்று கண்கூடாகத் தெரிந்தது. "பள்ளிக்கூடம் இருக்கா, இல்லையா?" என்ற ஒரே கேள்விக்கு அன்றைக்கு எனக்கு வந்த அழைப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

சம்பளச் செய்தியில் ஏன் அவ்வளவு குழப்பம்?

மே முதலாம் திகதி கொட்டகலையில் நடந்த மேதினக் கூட்டத்தில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். அதற்கான வர்த்தமானியும், அதாவது அரசிதழ் அறிவித்தலும், வந்திருந்தது: அடிப்படை 1,350, அதோடு 350 கொடுப்பனவு. அதற்கு முன் 2021 வர்த்தமானிப்படி சம்பளம் 1,000 ரூபா. எல்லா ஊடகங்களிலும் தலைப்பு "1,700 ரூபா". மறுநாள் காலையிலேயே பெரட்டில் பெண்கள் கேட்டார்கள், "இந்த மாசச் சம்பளத்திலேயே வருமா?"

வரவில்லை. ஆட்சேபனை தெரிவிக்க அவகாசம் கொடுக்கப்பட்டது. பிறகு மே மாதத்திலேயே இறுதி வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டு, விடயம் மறுபடியும் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாக உறுதியானது. 350 அந்த அடிப்படையில் சேரவில்லை.

இந்த ஐந்து மாதங்களில் ஒவ்வொரு திருப்பமும் செய்தியாக வந்தது, ஒன்றும் பொய்யல்ல. ஆனாலும் தொழிலாளிக்குக் குழப்பம் தீரவில்லை. காரணம், ஒவ்வொரு செய்தியும் அன்றைக்கு யார் என்ன சொன்னார் என்பதோடு நின்றுவிட்டது. "அறிவிக்கப்பட்டது", "வர்த்தமானி வந்தது", "நடைமுறைக்கு வந்தது", "கையில் கிடைத்தது" என்ற நான்கும் வேறு வேறு. சம்பளச் செய்தி ஒவ்வொன்றின் கடைசி வரியும் "ஆகவே இன்றைய நிலவரப்படி உங்கள் நாட்சம்பளம் இவ்வளவு" என்று முடிந்திருக்கவேண்டும். நான் அப்படி எழுதிக் கொடுத்த செய்திகளில் இடம் போதாதபோது முதலில் வெட்டப்பட்டது அந்த வரிதான். இன்றைக்கும் எனக்கு அது மனவருத்தம்.

இன்னொன்று. சம்பளம் என்றால் தோட்டத்தில் தொகை மட்டுமல்ல. எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர் போடுவார்களா, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள், கைக்காசுக்கு, அதாவது கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, எடுக்கிறவர்களுக்கு என்ன, ஊழியர் சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கழிக்கப்படும் என்பதெல்லாம் சேர்ந்துதான் மாதக் கடைசியில் கையில் வரும் காசு. நாட்சம்பளம் கூடி, கிலோக் கணக்கும் கூடினால் கூடியது என்ன என்று மஸ்கெலியாவில் ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன், அது ஒலிபரப்பாகவும் செய்தது. அந்த ஐந்து மாதங்களில் நான் அனுப்பியதிலேயே பெறுமதியான செய்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

செய்தியில் எப்போதும் தலைவர்களின் குரல்தானே வருகிறது? பெண்களின் குரல் ஏன் வருவதில்லை?

கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கருத்துச் சொல்லக் கூப்பிடப்படுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். செய்தியாளர் நகரத்தில் இருக்கிறார், தலைவரின் தொலைபேசி இலக்கம் கையில் இருக்கிறது, அழைத்தால் உடனே பேசுகிறார். மலையில் நிற்கும் பெண்ணோ வேலை நேரத்தில் பேசமுடியாது, கங்காணி பார்ப்பார். வேலை முடிந்து கொழுந்து நிறுத்துவிட்டு லயனுக்கு வந்தால் தண்ணீர், சமையல், பிள்ளைகள். அவரிடம் பேசவேண்டுமானால் மாலையில் லயனுக்கே போய், அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, அவர் வேலை செய்துகொண்டே பேசுவதை ஒலிப்பதிவு செய்யவேண்டும். பாத்திரச் சத்தம் கேட்கும். கேட்கட்டும். அதைச் சுத்தம் செய்யச் சொல்லி என்னிடம் திருப்பி அனுப்பியதும் உண்டு, நான் சம்மதிக்கவில்லை.

பெயர் சொல்லப் பயந்தால் பெயரில்லாமலே போடலாம். தோட்டத்தின் பெயரையும் விட்டுவிடலாம். அவருக்கு வேலையில் பிரச்சினை வரக்கூடாது என்பதே முக்கியம்.

குளவிக்கொட்டுச் செய்தி தினமும் வருகிறதே, அதில் என்ன பயன்?

"குளவி கொட்டி இத்தனை பேர் வைத்தியசாலையில்" என்ற இரண்டு வரியோடு நின்றால் பயன் குறைவுதான். கூடு இருப்பது முன்பே தெரிந்திருந்ததா, அந்த மலையில் வேலையை நிறுத்தச் சொன்னார்களா, வாகனம் எவ்வளவு நேரத்தில் வந்தது, எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டுச் சொன்னால், அடுத்த தோட்டத்தில் ஒருவராவது முன்கூட்டியே கூட்டை அறிவிப்பார். சிறுத்தைச் செய்திகளுக்கும் இதே பதில்தான்.

தேர்தல் நேரத்தில் அரச வானொலியை நம்பலாமா?

2024 ஜூலை 26ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்கான திகதி அறிவிக்கப்பட்டது, வாக்களிப்பு செப்டெம்பர் 21. அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை, ஊடகங்களுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிடும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. அரச ஒலிபரப்பு நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்றியே ஆகவேண்டும். பின்பற்றாவிட்டால் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கவும் ஆணைக்குழுவால் முடியும். ஆகவே, ஒரு வேட்பாளரின் கூட்டம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்கள் நினைத்தால், திகதியையும் நேரத்தையும் குறித்துவைத்து ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மலையகத்தில் சம்பளமும் தேர்தலும் ஒரே மேடையில் பேசப்பட்ட ஆண்டு அது. எது அரசாங்க அறிவித்தல், எது தேர்தல் வாக்குறுதி என்று பிரித்துச் சொல்லும் கடமை செய்தியாளருக்கு மற்ற வருடங்களைவிட அப்போது அதிகம்.

தமிழில் ஏன் பிந்தி வருகிறது, குறைவாக வருகிறது?

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகியது. இன்றைக்கும் பல மாவட்ட அலுவலகங்களிலிருந்து அவசர அறிவித்தல் முதலில் சிங்களத்தில்தான் வருகிறது. அதை மொழிபெயர்க்க ஆளில்லாத நேரம் இரவு, ஞாயிறு, போயா எனும் பௌர்ணமி விடுமுறை. மழையோ அந்த நேரம் பார்த்துத்தான் பெய்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அதைக் கேட்டு எங்களில் யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை, கோபம் வந்தது.

என் கருத்து இது: மழைக்காலத்தில் பிராந்திய நிலையத்தில் இரவுப் பணியில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். மூன்று நிற எச்சரிக்கைகளுக்கும் தமிழ் வாசகத்தை முன்பே எழுதி, ஒலிப்பதிவு செய்து வைத்துவிட்டு, இடப்பெயரை மட்டும் அப்போதைக்குச் சேர்த்து வாசித்தால், மொழிபெயர்ப்புக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் ரேடியோ சரியாக இழுப்பதில்லை. என்ன செய்வது?

பண்பலை நேர்கோட்டில் போகும் அலை. ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் உங்கள் லயனுக்கும் நடுவே மலை நின்றால் அலை மறைந்துபோகும். கோபுரங்களை உயரமான மலைகளில் வைத்திருப்பது அதனால்தான். அப்படி இருந்தும் பள்ளத்துப் பிரிவுகளுக்கு எட்டாத இடங்கள் நிறைய.

வீட்டுக்குள் கேட்காவிட்டால் வாசலில் அல்லது எதிர்ச்சரிவைப் பார்த்த ஜன்னலில் வைத்துப் பாருங்கள், அன்டெனாவை முழுதாக இழுத்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரே சேவை வெவ்வேறு கோபுரங்களிலிருந்து வெவ்வேறு அலைவரிசைகளில் வரலாம், ஆகவே முழுவதும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கைபேசியில் வானொலி கேட்பதானால் இயர்போனைச் செருகவேண்டும், அதன் வயர்தான் அன்டெனா. புதிய கைபேசிகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை என்பதையும் வாங்கும்போது பாருங்கள்.

கைபேசியும் முகநூலும் இருக்கும்போது ரேடியோ எதற்கு?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. டித்வா நேரத்தில் மலைநாட்டின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தே நின்றன. கோபுரத்துக்கு மின்சாரம் போனால் கைபேசிக்கு வேலையில்லை. பற்றரி ரேடியோ அப்போதும் பாடும். ஒவ்வொரு லயன் வரிசையிலும் குறைந்தது ஒரு பற்றரி ரேடியோவும் மாற்றுப் பற்றரியும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

முகநூலில் செய்தி வேகமாக வரும், அதோடு போன வருடத்துப் படமும் சேர்ந்து வரும். மண்சரிவுப் படம் பகிர்வதற்கு முன் எந்தத் தோட்டம், எந்த நாள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பகிர வேண்டாம்.

எங்கள் தோட்டச் செய்தியை நாங்களே அனுப்பலாமா? எப்படி எழுதுவது?

தாராளமாக. ஒரு உதாரணம் காட்டுகிறேன். இப்படி வந்தால் எங்களால் ஒன்றும் செய்யமுடியாது: "எங்கள் தோட்டத்தில் பெரிய மண்சரிவு, மக்கள் அவதி, அதிகாரிகள் கவனம் எடுக்கவும்."

இப்படி வந்தால் பத்து நிமிடத்தில் உறுதிப்படுத்தி ஒலிபரப்பலாம்: "இன்று காலை 5.30 மணிக்கு, இன்ன தோட்டம் கீழ்ப்பிரிவில், ஆறு வீட்டு லயனுக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. இரண்டு வீட்டின் பின்சுவர் உடைந்தது. யாருக்கும் காயமில்லை. ஆறு குடும்பமும் இப்போது வாசிகசாலையில். கிராம சேவகருக்கு 6 மணிக்குச் சொன்னோம், இன்னும் வரவில்லை. தோட்டத்துக்குப் போகும் வீதி திறந்திருக்கிறது. பேசக்கூடியவர் இன்னார், இலக்கம் இது."

நேரம், இடம், என்ன நடந்தது, யாருக்கு என்ன தேவை, யாரிடம் பேசலாம். வாட்ஸ்அப்பில் குரலாகச் சொன்னாலும் போதும். எழுத்துப் பிழை பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். படம் எடுத்தால் ஆபத்தான சரிவின் கீழே நின்று எடுக்காதீர்கள். காயப்பட்டவரின் முகத்தையும், இறந்தவரின் பெயரையும், குடும்பத்துக்குத் தெரியும் முன் யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளியூரில் வேலை செய்யும் மகன் தன் தாயின் செய்தியை வானொலியில் முதலில் கேட்கும்படி வைக்கக்கூடாது.

செய்தி தவறாக வந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் நிலையத்துக்கே அழைத்து, எந்த நேரச் செய்தியில், எந்த வரி தவறு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த அறிக்கையிலேயே திருத்துவார்கள். பதில் இல்லாவிட்டால் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரச வானொலி பொது அதிகாரசபை என்பதால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். தமிழில் எத்தனை மணித்தியாலம் ஒலிபரப்பாகிறது, எங்கள் பகுதிக்குச் செய்தியாளர் இருக்கிறாரா என்று தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். நோர்வூட் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கு இந்த விண்ணப்பத்தை எழுத நான் உதவியிருக்கிறேன், ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படவில்லை.

செய்தி கொடுக்க ஊடக அடையாள அட்டை வேண்டுமா?

நேயராகத் தகவல் சொல்ல ஒன்றும் வேண்டாம். தொடர்ந்து செய்தியாளராக வேலை செய்ய விரும்பினால் ஒரு ஊடக நிறுவனத்தின் மூலம் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிராந்தியச் செய்தியாளர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பனவு. பஸ் காசுக்கும் தொலைபேசிக்குமே அது போதாது என்பதை முன்பே தெரிந்துகொண்டு வாருங்கள். உயர்தரம் முடித்த பெண் பிள்ளைகள், குறிப்பாக லயனிலேயே வளர்ந்தவர்கள், இந்த வேலைக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது என்ற பட்டியலை முதலில் தயாரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மே மாதத்துக்கு முன் அது உங்களிடம் இருக்கட்டும்.